ட்ராலியா, முதுகுப்பையா, கவுண்டரிலேயே கொடுத்துவிடுவதா?

திருகோணமலை பஸ் நிலையத்தில் இரவு கொழும்பு பஸ்ஸில் ஏறும்போது நடத்துநர் நம் பெட்டியை வாங்கி டிக்கிக்குள் தள்ளினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. காசும் ஃபோனும் அடையாள அட்டையும் ஏற்கெனவே தோள்பையில் இருக்கும், பெட்டி டிக்கிக்குத்தான் போகும் என்று வீட்டில் அடுக்கும்போதே தெரியும். அதே ஆள் மறுநாள் கட்டுநாயக்கவில் விமான வாசலில் நிற்கும்போது, மேல் தட்டில் இடமில்லை, உங்கள் பெட்டி கீழே போக வேண்டும் என்று சொன்னால் மட்டும் பேயறைந்த மாதிரி நிற்கிறார். மேலேதான் வரும் என்று நம்பி அடுக்கியதால் வந்த வினை.

விமானத்துக்குக் கையில் ட்ராலியா முதுகுப்பையா, இல்லை கவுண்டரிலேயே கொடுத்துவிடுவதா என்று இந்த மாதம் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். படிக்கப் போகும் அக்கா மகனுக்கு கட்டுநாயக்க, டோஹா, லண்டன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அவர் மனைவிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னை, கண் வைத்தியத்துக்கு. மூன்றாவது எங்கள் மாமி. லண்டனில் மகன் வீட்டில் கொஞ்ச நாள் நின்று, அங்கிருந்து சூரிச்சில் இருக்கும் மகளைப் பார்க்க மலிவு டிக்கெட் ஒன்றில் போகிறார். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் மூன்றும் மூன்று திசையில் போய்விட்டன, அதனால்தான் இவ்வளவு நீளம்.

தெரிவுகள் என்று பார்த்தால் நடைமுறையில் மூன்றுதான். சக்கரம் வைத்த சின்ன ட்ராலியைக் கையில் கொண்டுபோய், மேலே இடம் கிடைத்தால் வைப்பது, கிடைக்காவிட்டால் வாசலில் கொடுப்பது. அல்லது முன்னிருக்கைக்கு அடியில் போகக்கூடிய துணிப்பை ஒன்றோடு மட்டும் போவது. அல்லது ட்ராலியையும் கவுண்டரிலேயே கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு உள்ளே நடப்பது. கூடுதல் நிறைக்குக் காசு கட்டுவது என்று நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அது காசுள்ளவர்களின் தெரிவு, அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

மாமியின் போன பயணத்தைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன், இந்த விஷயத்தில் எனக்கு ஞானம் வந்ததே அதில்தான். உவர்மலையில் அவர் வீட்டு விறாந்தையில் வைத்து அந்தப் பெட்டியை அடுக்கியதில் எனக்கும் பங்குண்டு. கடும் சிவப்பில், கல்லு மாதிரி இறுகிய பிளாஸ்ரிக் ஓடு போட்ட ட்ராலி. அடியில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் இரண்டு பொதி, ஒவ்வொன்றும் மூன்று சுற்று டேப். அதற்கு மேல் பத்திரிகைத் தாளில் சுற்றி, பொலித்தீனில் சுற்றி, பிறகு ஒரு பழைய துவாயிலும் சுற்றிய நெத்தலிக் கருவாடு. மேலே இரண்டு சேலை, பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை. ஓரமாக மூக்குக் கண்ணாடி, பிரஷருக்கும் சீனிக்கும் ஒரு மாதக் குளிசை, பவர் பேங்க். "எல்லாம் கையோடதானே வருது, பயமில்ல" என்றார் மாமி. நானும் தலையாட்டினேன்.

இடையில் விமானம் மாறும் இடத்தில், எந்த நிறுவனம் என்று சொல்லத் தேவையில்லை, வாசலில் நின்ற பொடியன் மாமியின் பெட்டியில் ஒரு பட்டியைச் சுற்றிக் கிழித்துத் துண்டை அவர் கையில் கொடுத்திருக்கிறான். பற்றரி ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். மாமி இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மாமிக்குப் பற்றரி என்றால் டோர்ச்சுக்குப் போடுவது, பவர் பேங்க் என்பது ஃபோனுக்கு ஊட்டுகிற ஒரு சாமான், அவ்வளவுதான். அவன் தன் ஃபோனைக் காட்டி, வயர் குத்துவதுபோல் சைகை செய்த பிறகுதான் விளங்கியிருக்கிறது. பின்னால் முழு வரிசையும் நிற்க, அறுபத்தெட்டு வயது மனுசி தரையில் முழங்கால் ஊன்றி, பெட்டியை விரித்து, சேலைகளைத் தூக்கி, கருவாட்டுப் பொதியை வெளியே வைத்து (அந்த வரிசையின் மூக்குகளை நினைத்துப் பாருங்கள்) பவர் பேங்கைத் தேடி எடுத்தார். எடுத்த நிம்மதியில் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார். கண்ணாடியும் குளிசையும் பெட்டியோடு போய்விட்டன. பெட்டி அந்த விமானத்தில் ஏறவில்லை, லண்டனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. மச்சான் அன்றிரவே மருந்துக்கு அலைந்தான். கிழித்துக் கொடுத்த அந்தத் துண்டை மாமி கோணேசர் திருநீற்றுப் பொதியோடு சேர்த்துப் பணப்பைக்குள் வைத்திருந்ததால் பெட்டியைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

சரி, பெட்டிகளை ஏன் கீழே அனுப்புகிறார்கள்? ஆளுக்கொரு ட்ராலி என்று விற்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு ட்ராலி வைக்கத் தட்டில் இடமில்லை. போயிங் 737 இன் வழமையான தட்டில் ஒரு அறைக்குள் நான்கு ட்ராலி போகும் இடத்தில், புதிய பெரிய தட்டில் பக்கவாட்டாக நிறுத்தி ஆறு வைக்கலாம் என்று போயிங் சொல்கிறது. உங்கள் விமானத்தில் இருப்பது பழையதா புதியதா என்பது ஏறும்வரை உங்களுக்குத் தெரியாது. ஆகவே கடைசியாக ஏறுகிறவர்களின் பெட்டிகள்தான் பெரும்பாலும் மாட்டும். கழிப்பறைக்குப் போய்விட்டு, கடையில் சொக்கலேற் வாங்கிவிட்டு, ஆறுதலாக வரிசையில் கடைசியாக நிற்பது நம் ஆட்களின் பழக்கம். பெட்டியை மேலே வைக்கவேண்டும் என்றால் அந்தப் பழக்கத்தை விடவேண்டும்.

ட்ராலிக்கு இன்னொரு சிக்கல், அதன் சொந்த நிறை. நம் ஊரில் இருந்து போகும் பெரும்பாலான விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பொதி 7 கிலோ. ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ், கட்டார், இண்டிகோ எல்லாம் அந்தக் கணக்குத்தான். இறுகிய ஓட்டு ட்ராலி ஒன்று வெறும் பெட்டியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். ஆக மிஞ்சுவது நான்கு. துணி முதுகுப்பை ஒரு கிலோவுக்கு உள்ளே நிற்கும், மிஞ்சுவது ஆறு. மிளகாய்த்தூளில் சொன்னால் இரண்டு கிலோ வித்தியாசம், அது சின்ன விஷயமா?

அளவும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. எமிரேட்ஸ் 55, 38, 22 சென்ரிமீற்றர் என்கிறது, கட்டார் 50, 37, 25. இண்டிகோ மூன்றையும் கூட்டினால் 115 க்குள் இருக்கவேண்டும் என்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் 56, 45, 25 உம் 23 கிலோவும் என்று தாராளமாக நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டு மற்ற விமானத்துக்குப் பெட்டி வாங்கக்கூடாது. கடையில் போய் நின்றால் இவ்வளவையும் மனதில் வைத்திருக்க முடியாது. உயரம் 50, அகலம் 35, தடிப்பு 20 என்று நாடாவைப் பிடித்துப் பாருங்கள், மேலே சொன்ன எல்லாவற்றுக்குள்ளும் அது அடங்கும். சக்கரமும் கைபிடியும் சேர்த்துத்தான் அளக்கவேண்டும். கடைக்காரர் அட்டையில் ஒட்டியிருக்கும் அளவு பல நேரம் சக்கரம் இல்லாத அளவு.

இது ஏன் முக்கியம் என்றால், அளவுக்குள் இருக்கும் பெட்டியை இடமில்லை என்று கீழே அனுப்பினால் பொதுவாகக் காசு கேட்பதில்லை. அளவு மீறியதால் கீழே அனுப்பினால் அது வேறு கதை, வாசலில் கட்டும் காசு, வீட்டில் இருந்து முன்கூட்டி வாங்கியிருந்தால் கட்டியிருக்கக்கூடிய காசைவிட அதிகமாகத்தான் இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பட்டி, ஒரே பொடியன், ஒரே வாசல்.

இனி மூன்றாவது தெரிவு, கவுண்டரிலேயே கொடுப்பது. விமானம் நிறைந்திருக்கும் நாட்களில் கவுண்டரிலேயே "கைப்பெட்டியையும் இலவசமாகக் கீழே போடட்டுமா" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் உடனே வேண்டாம் என்று பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பலருக்கு அதுதான் நல்ல தெரிவு, ஆனால் அதையும் வாசலில் கொடுப்பதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒன்றல்ல. கவுண்டரில் கொடுக்கும் பெட்டிக்குள் அரை லீற்றர் நல்லெண்ணெய்ப் போத்தல் இருக்கலாம், மாங்காய் ஊறுகாய் இருக்கலாம், தேங்காய் உடைக்கிற கத்தி கூட இருக்கலாம், அது கைப்பொதிச் சோதனைக்குள் வருவதில்லை. வாசலில் கொடுக்கும் பெட்டியோ ஏற்கெனவே அந்தச் சோதனையைத் தாண்டி வந்தது. ஆகவே நீர்மம் 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது, கத்தி கூடாது. தாண்டி வந்த பிறகு கீழே போகவேண்டும் என்றால் பவர் பேங்கும் கூடாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, வாசலில் கீழே போகிற பெட்டியின் நிலை அதுதான். மூன்றிலும் ஆகக் குறைவாக அடுக்க விடுவது இதுதான் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் வகையைக் கைப்பொதியில் கொண்டுபோனால் தனியாகப் பிரித்துச் சோதிக்கலாம், திருப்தி இல்லை என்றால் விடாமலும் விடலாம். மிளகாய்த்தூள் அங்கே கவுண்டரில் கொடுக்கும் பெட்டிக்குப் போவதுதான் புத்தி.

பற்றரி விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும், வாசலில் நடக்கும் கூத்துகளில் பாதி இதனால்தான். லித்தியம் பற்றரி உள்ளே ஒரு இடத்தில் கெட்டால் தானாகச் சூடேறும், அந்தச் சூடு பக்கத்துக் கலத்தையும் கெடுக்கும், அப்படியே ஏறிக்கொண்டு போகும். ஆட்கள் இருக்கும் இடத்தில் புகை வந்தால் பணிப்பெண் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். சரக்கறையில் அதைப் பார்க்க ஆளில்லை. அங்கே தீக்கு விடும் ஹாலோன் வாயு சுவாலையை அமர்த்தும், ஆனால் கலத்துக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. 2010 செப்டெம்பரில் துபாயில் சரக்கு விமானம் ஒன்று, போயிங் 747, உள்ளே லித்தியம் பற்றரிகள் பற்றி எரிந்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் புறப்பட முன்பே மேல் தட்டில் தீப்பிடித்து எரிந்தது, எல்லாரும் வெளியேறித் தப்பினார்கள். பவர் பேங்க் ஒன்றுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று அந்த நாட்டு அரசு சொன்னது.

அதனால் விதி இப்படி. பவர் பேங்கும் தனியாக வைத்திருக்கும் பற்றரிகளும் கீழே போகவே கூடாது, ஆளோடுதான் இருக்கவேண்டும். 100 வாட் மணித்தியாலம் (பற்றரி கொள்ளும் மின்சக்தியின் அளவு அது) வரை கேட்காமல் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் இல்லவே இல்லை. பவர் பேங்கில் 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வரும், பயமில்லை. 30,000 என்றால் 111, சிக்கல். எண்கள் அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அதிலே என்ன இருக்கிறது என்று அதிகாரியோடு வாதாட உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் என்றும், பறக்கும்போது அதைப் பாவிக்கக்கூடாது என்றும், மேல் தட்டில் வைக்கவே கூடாது, இருக்கைப் பையிலோ முன்னிருக்கைக்கு அடியிலோதான் என்றும் ஆக்கிவிட்டது. தட்டில் இடம் கிடைத்து ட்ராலி மேலே போனாலும் பவர் பேங்க் அதற்குள் இருக்கக்கூடாது என்று அர்த்தம்.

லேப்டொப், டப் போன்றவை வேறு. பற்றரி உள்ளே பூட்டியிருப்பதால் கீழே போக இடமுண்டு, ஆனால் முழுதாக அணைத்து, தற்செயலாக எரியாதபடி வைத்திருக்கவேண்டும், மூடியை மட்டும் மூடித் தூங்கவிடுவது அணைப்பது ஆகாது. ஆனாலும் யார்தான் லேப்டொப்பைக் கீழே போடுவார்கள். பெட்டியிலேயே பற்றரி வைத்து ஃபோன் சார்ஜ் பண்ணுகிற ட்ராலிகள் கொஞ்சக் காலம் ஓடின. அதன் பற்றரியைக் கழற்ற முடியாது என்றால் எந்தப் பக்கமும் ஏற்றமாட்டார்கள். வாங்கிவிட்டவர்கள் வீட்டில் துணி வைக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கீழே போவதற்கு நான் ஆதரவு, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலானவற்றை ஆளும் 1999 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி, கையில் வைத்திருக்கும் பொதிக்கு ஏதும் நடந்தால் விமான நிறுவனத்தின் பிழை என்று இருந்தால்தான் அது பொறுப்பு. பட்டி கட்டிக் கீழே கொடுத்த பொதி அவர்களின் பொறுப்பில் இருக்கும்போது உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பிழை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. வாசலில் அந்தப் பட்டி விழுந்த நொடியில் உங்கள் பெட்டி இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்தச் சின்னத் துண்டை எறியவேண்டாம் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதற்காகத்தான். உடைந்திருந்தால் கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும், பிந்தி வந்ததற்கு 21 நாள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது.

ஆனால் அதற்கும் ஒரு எல்லை. 2024 டிசெம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்டிஆர், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது, கிட்டத்தட்ட இரண்டாயிரம் அமெரிக்க டொலர். சேலைக்கும் கருவாட்டுக்கும் அது தாராளம். நகை என்றால் ஒரு சில பவுணோடு தீர்ந்துவிடும், தாலிக்கொடியைப் பெட்டிக்குள் வைத்துக் கீழே அனுப்புகிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நகை, காசு, மருந்து, காணி உறுதி, சான்றிதழ் இதெல்லாம் கீழே போகும் பொதியில் வைக்கவேண்டாம் என்று விமான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கின்றன. பிறகு போய்ச் சண்டை பிடித்தால் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

வாசலில் பட்டி கட்டும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இது கதவடியில் கிடைக்குமா, பெல்ட்டில் கிடைக்குமா?" சில சின்ன விமானங்களில் இறங்கும் இடத்திலேயே பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். பெரிய விமானங்களில் பெரும்பாலும் பெல்ட்டுக்குத்தான் போகும். விமானம் மாறிப் போகிறவர் என்றால் எந்த ஊர் பெல்ட் என்பதையும் பட்டியில் உள்ள மூன்று எழுத்தைப் பார்த்து உறுதிசெய்யவேண்டும். லண்டனுக்குப் போகிறவரின் பட்டியில் லண்டன் எழுத்து இருக்கவேண்டும், இடையில் மாறும் ஊரின் எழுத்து இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

ஒரே டிக்கெட்டில் முழுப் பயணமும் இருந்தால் இந்தக் கவலை லேசு. இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் வினை. பெல்ட் என்பது குடிவரவைத் தாண்டித்தான் இருக்கும். நம் கடவுச்சீட்டோடு குடிவரவைத் தாண்ட விசா வேண்டும். பலாலியில் இருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையில் இருந்து வேறு நாட்டுக்கு இன்னொரு டிக்கெட் என்று மலிவு பார்த்து எடுத்தவர், கையில் ட்ராலியோடு வெளியே போகாமலே மாறிவிடலாம் என்று நினைத்திருப்பார். அந்த ட்ராலியைப் பலாலியில் கீழே வாங்கிவிட்டால் அது சென்னை பெல்ட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், இவர் இந்திய விசா இல்லாமல் உள்ளே நிற்பார். தனித்தனி டிக்கெட்டில் போகிறவர்களுக்கு என் பதில் அதனால் ஒன்றே ஒன்றுதான்: முதுகுப்பை. வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

பலாலி என்றாலே எனக்கு முதுகுப்பைதான் சரி, தனி டிக்கெட்டோ கூட்டு டிக்கெட்டோ. இண்டிகோ 2024 செப்டெம்பர் 1 அன்று சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தொடங்கிய சேவை ஏடிஆர் 72, விசிறி வைத்த சின்ன விமானம். அதன் தட்டு சின்னது, ஒரு ஓட்டு ட்ராலியை விழுங்கும் என்று நம்பமுடியாது. இடம் தீர்ந்து போவது மட்டுமல்ல அங்கே பிரச்சினை, முதல் ஆளாக ஏறினாலும் பெட்டி போகாமல் விடலாம். சொல்லப்போனால் ஏடிஆரில் "கீழே" என்றே ஒன்று இல்லை. பெட்டிகள் போவது விமானி அறைக்கும் பயணிகளுக்கும் நடுவில் உள்ள ஒரு அறைக்கும், வால் பக்கத்து அறைக்கும். அதனால்தான் நாம் பின்கதவால் ஏறுகிறோம். ஆசிரியருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப என்ர பெட்டி எனக்கு முன்னால இருக்குமோ" என்று சிரித்தார். அவருக்கு ஏற்கெனவே திருகோணமலையில் இருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா என்று யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற பாடு இருக்கிறது, முழங்கால் வேறு சரியில்லை. பெரிய பெட்டியோடு சேர்த்துச் சின்ன ட்ராலியையும் கவுண்டரிலேயே கொடுத்துவிடுங்கள், அல்லது ட்ராலியே வேண்டாம், கண் வைத்தியரின் பழைய ஃபைல், கண்ணுக்கு விடும் மருந்து, குளிசை, ஒரு மாற்றுச் சாரம் இவற்றோடு ஒரு துணிப்பை போதும் என்றேன். மனுசியின் கைப்பைக்கு இண்டிகோவில் தனியாக மூன்று கிலோ வரை இடமுண்டு, அதையும் சொன்னேன்.

மாமியின் சூரிச் பயணம் இன்னொரு உலகம். ஐரோப்பாவின் மலிவு விமானங்கள் சிலவற்றில் இலவசம் என்பது இருக்கைக்கு அடியில் போகும் பை மட்டும்தான். ஈஸிஜெட் 45, 36, 20 என்கிறது, ரயன்எயார் 40, 30, 20. மேலே வைக்கும் ட்ராலிக்குத் தனியாகக் காசு. அங்கே வாசலில் உலோகத்தால் செய்த அளவுக்கூடு ஒன்று நிற்கும், சந்தேகம் வந்தால் பையை அதற்குள் இறக்கச் சொல்வார்கள். துணிப்பை என்றால் ஒரு அமுக்கு அமுக்கினால் இறங்கும், ஓட்டுப் பெட்டியை எவ்வளவு அமுக்கினாலும் அது அமுங்காது. மாமியின் அந்தச் சிவப்பு ட்ராலி லண்டனிலேயே மகன் வீட்டில் நிற்கட்டும், பேரனின் பள்ளிப் பை ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். முதலில் கௌரவக் குறைச்சல் என்றார், வாசலில் எவ்வளவு கட்டவேண்டி வரும் என்று மகள் சூரிச்சில் இருந்து சொன்ன பிறகு கௌரவம் இறங்கிவிட்டது.

மிஞ்சியது அக்கா மகன். அவனுக்குத்தான் நான் ட்ராலியைச் சொன்னேன், என்னைக் கேட்டால் அவன் ஒருவனுக்குத்தான் அது பொருந்தும். ஒரே டிக்கெட், பெரிய விமானம், இளந்தாரி, முன்னால் போய் நிற்கத் தெம்புண்டு. கீழே போகும் பெட்டிகளை அக்கா கிராம் கணக்கில் நிரப்பிவிட்டார், கவுண்டரில் ட்ராலியையும் இலவசமாகப் போடச் சொல்லி அவர்கள் கேட்டால் ஒழிய, காசு கட்டாமல் அங்கே கொடுக்க வழியில்லை. ஆனால் ட்ராலி மேலே போகும் என்று நினைக்காதே, கீழே போகும் என்றே நினைத்து அடுக்கு என்றேன்.

"அப்ப ஏன் மாமா கையில கொண்டு போறது?"

"மேல போனா லாபம். கீழ போனா நட்டமில்ல. அப்பிடி அடுக்கவேணும்."

அப்படி அடுக்க நான் சொன்ன வழி, பைக்குள் பை. ட்ராலியைத் திறந்தவுடன் முதலில் கையில் படும்படி, பிடி வைத்த தட்டையான துணிப்பை ஒன்று. பவர் பேங்க், சார்ஜர், குளிசை இருந்தால் குளிசை, பல்கலைக்கழகக் கடிதம், சான்றிதழ்களின் மூலப்பிரதி, கண்ணாடி, லேப்டொப், ஒரு உள்ளாடையும் ஒரு சட்டையும். ஏன் வெளியே தனியாகத் தோளில் போடக்கூடாது என்று கேட்டான். சில நிறுவனங்கள் சாதாரண வகுப்புக்கு ஒரு பொதி என்றால் ஒன்றுதான், கவுண்டரில் இரண்டாகத் தெரிந்தால் இரண்டையும் தராசில் வைக்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கும்வரை அது ஒரு பொதி. வாசலில் ட்ராலியை அவர்களே வாங்கிக்கொண்ட பிறகு கையில் இருக்கும் துணிப்பையை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பவர் பேங்கை எடு என்று சொல்வதே அவர்கள்தானே.

நேற்று மாலை விறாந்தையில் வைத்து ஒத்திகை பார்த்தோம். நான் வாசல்காரன், அவன் பயணி. சிப்பை இழுத்து, துணிப்பையை உருவி, மூடி, ட்ராலியை என்னிடம் தள்ள முதல் தடவை நாற்பது செக்கன் எடுத்தது, லேப்டொப் வயர் சேட்டில் சிக்கிவிட்டது. வயரைச் சுருட்டி ரப்பர் போட்ட பிறகு பதினொன்று. பிறகு கருவாட்டுக் கடைக்காரர் பாவிப்பாரே, அந்தக் கொளுவித் தூக்கும் தராசில் தொங்கவிட்டோம், 6.8. அக்கா குசினிக்குள் போய்விட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சும்மா இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தேன், 7.3. பக்கத்துப் பொக்கற்றைத் தடவினால் டேப் சுற்றிய சின்னப் பொதி ஒன்று. அக்காவைப் பார்த்தேன், அவர் வேலியடியில் நின்ற மானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.